ஒலி ஒன்று, பொருள் வேறு: பாறசாலை – நெய்யாற்றின்கரை எல்லைப்புறச் சொற்கள்

1. முன்னுரை

இரு மொழிகளில் ஒலியளவில் ஒத்தும் பொருளளவில் வேறுபட்டும் வழங்கும் சொற்களைப் ‘போலி நண்பர்கள்’ என மொழிபெயர்ப்பியலார் குறிப்பர். ஆங்கிலச் சொற்கள் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளரை ஏமாற்றும் முறை பற்றிக் கோஸ்லர், தெரோக்கிஞி ஆகிய இருவரும் 1928இல் வெளியிட்ட நூலால் இப்பெயர் நிலைபெற்றது. ‘கிஃப்ட்’ என்பது ஆங்கிலத்தில் கொடை. ஜெர்மானிய மொழியில் நஞ்சு. இரண்டும் ‘கொடு’ என்னும் பொருளுடைய ஒரே வினையடியிலிருந்து பிறந்தவை. கொடுக்கப்படும் மருந்தளவு என்னும் கருத்தின் வழியே நஞ்சுப் பொருள் தோன்றிற்று. ஆங்கிலத்துள்ளேயே மலரைக் குறிக்கும் ‘ஃபிளவர்’ என்பதும் மாவைக் குறிக்கும் ‘ஃபிளவர்’ என்பதும் முதலில் ஒரு சொல்லே. அரைத்ததன் ‘மலர்’, அதாவது சிறந்த பகுதி, மாவு எனப்பட்டது; பிற்காலத்தில் எழுத்துமுறை இரண்டையும் பிரித்தது.

இவ்வகைப் பொருட்பிரிவு தமிழுக்கும் மலையாளத்திற்கும் இடையே எவ்வாறு நிகழ்ந்தது என்பதை, இரு மொழியும் கலந்து வாழும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

2. எல்லையும் மொழியும்

இப்பகுதி நெடுங்காலம் திருவிதாங்கூர் அரசின் கீழ் ஒரே ஆட்சிப் பரப்பாக இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கோரிய வட்டங்களுள் ஒன்றாகிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. இதனால் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே மாநில எல்லை அமைந்தது. பேச்சு வழக்கு எல்லையில் நின்றுவிடவில்லை. ஆனால் பள்ளி, அலுவலகம், நீதிமன்றம் ஆகியவற்றின் மொழி இரண்டாகப் பிரிந்தது.

ஊர்ப்பெயரே இதற்குச் சான்றாகும். ‘பாறசாலை’ என்பதைத் தமிழ் வாசகர் ‘பாறைவழிச் சாலை’ எனப் பொருள்கொள்ளக்கூடும். மலையாள வழக்கில் ‘சால’ என்பது கூடம், மனை என்னும் பொருளது. பாதை என்னும் பொருள் அதற்கில்லை. தமிழிலும் முன்பு இப்பொருளே வழங்கிற்று. முஞ்சிறைக்கு அருகிலுள்ள பார்த்திவபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 9ஆம் நூற்றாண்டில் நிறுவிய சாலையில் 95 சட்டர்களுக்கு இடமளிக்கப்பட்டதைச் செப்பேடு கூறுகிறது. அங்குச் ‘சாலை’ என்பது உண்டு உறைந்து கற்கும் நிலையமாகும். அப்பொருள் தமிழில் தொழிற்சாலை, பாடசாலை முதலிய கூட்டுச்சொற்களில் மட்டும் எஞ்சியது. தனிச்சொல் பாதையைக் குறிக்கலாயிற்று.

3. ஒரு மூலம், இரு பொருள்

அ) வெள்ளம்: தமிழில் பெருக்கு, மலையாளத்தில் நீர். பெருக்கைக் குறிக்க மலையாளம் ‘வெள்ளப்பொக்கம்’ எனக் கூட்டுச்சொல் அமைத்துக்கொண்டது. ‘குடிவெள்ளம் இல்லை’ என்னும் முறையீடு குடிநீர்ப் பஞ்சத்தைக் கூறுவது. அதனைத் தமிழ்ப் பொருளில் கொள்வோர்க்கு நேர்மாறான செய்தியே கிடைக்கும்.

ஆ) பனி: தமிழில் குளிர்ந்த நீர்த்துளி, மலையாளத்தில் காய்ச்சல். தமிழில் ‘பனித்தல்’ என்னும் வினைக்கு நடுங்குதல் என்னும் பொருளும் உண்டு. குளிர், நடுக்கம், காய்ச்சல் என்னும் வரிசையில் பொருள் நகர்ந்ததை இதனால் உணரலாம்.

இ) முறி: தமிழில் உடைத்தல், துண்டு, மலையாளத்தில் அறை. வெட்டிப் பிரிக்கப்பட்ட பகுதி என்பதே இரண்டிற்கும் அடிப்படை. நிலப் பிரிவினைக் குறிக்கும் வருவாய்த்துறைச் சொல்லாகவும் இது கேரளத்தில் வழங்கியுள்ளது.

வெள்ளம், முறி ஆகியவை மலையாளப் பொருளிலேயே கன்னியாகுமரி மாவட்ட மேற்கு வட்டங்களின் தமிழ்ப் பேச்சிலும் கேட்கப்படுகின்றன.

4. வடசொற்கள்

இரு மொழிகளும் வடமொழியிலிருந்து ஏற்ற சொற்கள் இன்னும் கூடிய இடர் தருவன. ‘அவசர’ என்பதற்கு வடமொழியில் தக்க வேளை என்பது பொருள். மலையாளம் ‘வாய்ப்பு’ எனக் காத்தது. தமிழ் ‘விரைவு’ என மாற்றிற்று. ‘சம்சாரம்’ தமிழில் இல்லறம், மனைவி, மலையாளத்தில் பேச்சு. ‘வார்த்தை’ தமிழில் சொல். மலையாள ‘வார்த்த’ செய்தி. வடமொழிப் பொருளும் அதுவே. ‘யோகம்’ மலையாளத்தில் கூட்டத்தையும் குறிக்கும். தமிழர் அதனை நற்பேறு எனக் கொள்வர்.

5. வேறு மூலம், ஒரே வடிவம்

தமிழ் எழுத்துமுறை வர்க்க எழுத்துகளை வேறுபடுத்தாமையால், மூலத்தில் வேறான சொற்கள் ஒன்றாகிவிடுவதும் உண்டு. ‘பத்திரம்’ என்னும் வடிவில் இரு சொற்கள் உறைகின்றன. பாதுகாப்பு எனப் பொருள்படுவது ‘பத்ர’ என்பதன் அதிர்வொலி வடிவிலிருந்தும், ஆவணம் எனப் பொருள்படுவது ‘இலை’ என்னும் பொருளுடைய அதிர்வில்லா வடிவிலிருந்தும் வந்தவை. மலையாள எழுத்து இவ்விரண்டையும் தெளிவாகப் பிரிக்கிறது. ஆயின் அங்கு இலையிலிருந்து தோன்றிய ‘பத்ரம்’ செய்தித்தாளைக் குறிக்கும். நில ஆவணத்திற்கு ‘ஆதாரம்’ என்பதே சொல். தமிழிலோ ‘ஆதாரம்’ சான்று ஆகும். எனவே கேரள அலுவலகத்தில் ‘ஆதாரம்’ கேட்கப்படுமிடத்துத் தமிழர் ஏதேனும் ஒரு சான்றினைக் காட்டினால் போதும் எனக் கருத இடமுண்டு. கேட்கப்படுவது நிலப் பத்திரமாகும்.

6. மதிப்பீடு

எல்லைப்புறத் தமிழர் நீரை ‘வெள்ளம்’ என்பதையும் பேசுதலைப் ‘பறைதல்’ என்பதையும் ‘மலையாளக் கலப்பு’ எனப் பள்ளிகள் திருத்துவது விரைந்த முடிவாகும். ‘பறைதல்’ என்பதற்குச் சொல்லுதல் என்னும் பொருள் தமிழ் இலக்கிய வழக்கிலும் உண்டு. மலையாளம் கொடுந்தமிழிலிருந்து வளர்ந்தது எனக் கேரளபாணினீயம் கொண்ட கருத்தை ஏற்பினும், இரண்டும் பொது மூலத்திலிருந்து பிரிந்தன எனக் கொள்ளினும், இத்தகைய சொற்களுள் சில கடன் ஆகாமல் மரபுரிமையாகவே அமையக்கூடும். அண்டை மொழித் தாக்கம் அவற்றை நிலைநிறுத்தியிருக்கலாம். எது கடன், எது எச்சம் என்பதைச் சொல்தோறும் கல்வெட்டு, இலக்கியம், வட்டார வழக்கு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டே துணிதல் வேண்டும்.

7. முடிவுரை

மத்திய, மாநில அரசு அலுவலர்க்குக் குறைதீர் முறையீட்டினை ஒன்றியத்திலோ அம்மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்க அரசியலமைப்பின் 350ஆம் உறுப்பு உரிமை தருகிறது. அவ்வுரிமை பயனளிப்பது மொழிபெயர்ப்பாளரின் சொல்லறிவைப் பொறுத்தது. நோயாளி கூறும் ‘பனி’, உழவர் கூறும் ‘வெள்ளம்’, அலுவலர் கேட்கும் ‘ஆதாரம்’ ஆகியவை தவறாகப் பெயர்க்கப்படின் இழப்பு மக்களுக்கே. வெவ்வேறு தோற்றமுடைய சொற்களில் மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் புரட்டுவர். ஒத்து ஒலிக்கும் சொற்களில் ஐயமே எழாமையால் புரட்டார். ஆகவே தமிழ் – மலையாள அகராதிகள் இத்தகைய சொற்களைத் தனிக் குறியீட்டுடன், வட்டார வழக்கையும் சுட்டிப் பதிவு செய்தல் இன்றியமையாததாகும்.