பாலமும் பெட்டியும்: பாகம் மாற்றிய வரலாறு

பாகம் மாற்றுவது என்றால் என்ன என்று நமது ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாம்பன் இரயில் பாலம் ஒன்றே போதும். 1914-இல் திறந்தார்கள். 1964 டிசம்பர் புயலில் பெரும்பாலான கர்டர்களைக் கடல் கொண்டுபோயிற்று. கப்பலுக்காகத் தூக்கும் நடுப்பகுதி மட்டும் நின்றது. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர், கடலுக்குள் கிடந்த பழைய கர்டர்களைத் தேடி எடுத்து, மறுபடியும் தூணில் ஏற்றி, 46 நாளில் இரயிலை ஓடவிட்டார். 2007-இல் அதே பாலத்தைப் பலப்படுத்தி அகலப் பாதை போட்டார்கள். இனி எதை மாற்றியும் பயனில்லை என்ற நிலை வந்தபோது பக்கத்திலேயே புதிய பாலம் கட்டி, 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தார்கள்.

எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது, எப்போது முழுவதையும் விட்டுவிடுவது என்ற இந்த மூன்று கேள்விகளும் இன்று வேறு உருவில் நம் வீட்டுக்குள் வந்திருக்கின்றன. பேரன் கேமிங் பி.சி. கேட்கிறான். கம்பெனி சிஸ்டம் வேண்டாமாம். பாகங்களைத் தனித்தனியாக வாங்கித் தானே சேர்க்க வேண்டுமாம். என் வயதுக்காரர்கள் பலருக்கு இது வீண் ஆடம்பரமாகப் படுகிறது. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அப்படித் தோன்றாது என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் கம்ப்யூட்டர் என்று சொல்லமாட்டார்கள், ஒர்தினாத்தேர் என்பார்கள். 1955-இல் பிரான்சில் இருந்த ஐ.பி.எம். நிறுவனம் தன் புதிய இயந்திரத்துக்குப் பெயர் கேட்டபோது, ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் இந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தார். உலகை ஒழுங்குபடுத்தும் இறைவனைக் குறிக்கப் பழைய அகராதியில் இருந்த சொல் அது. கோயில் ஊரில் இருந்துகொண்டு இதை நினைக்கும்போது எனக்கு எப்போதும் சிறு சிரிப்பு வரும்.

1973-இல் பிரான்சிலேயே மிக்ரால் என்றொரு சிறு கம்ப்யூட்டர் வந்தது. வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றின் தேவைக்காக பிரான்சுவா ழெர்னெல் என்ற பொறியாளர் வடிவமைத்தார். நிறுவனத்தை நடத்தியவர் வியட்நாமில் பிறந்த ஆந்த்ரே த்ருவோங். ஒரே சில்லுக்குள் அடங்கிய பிராசசரை வைத்து, முழுதாகச் சேர்த்த நிலையில் விற்பனைக்கு வந்த முதல் கம்ப்யூட்டர்களில் அது ஒன்று. அட்டைகளைச் செருகிக்கொள்ள அதற்குள்ளேயே இடம் வைத்திருந்தார்கள் என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. அட்டையைச் செருக ஒரு வரிசை இருந்தால்தான் பிற்பாடு வேறு அட்டையைப் போடமுடியும்.

இந்த யோசனை உலகமெல்லாம் பரவியது 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். பி.சி. வந்த பிறகு. ஓராண்டுக்குள் இயந்திரத்தை முடித்தாகவேண்டும் என்ற அவசரத்தில், எல்லாவற்றையும் தாமே செய்யாமல் வெளிச்சந்தையில் கிடைத்த பாகங்களை வாங்கிச் சேர்த்தார்கள். பிராசசர் இன்டெல்லுடையது, வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். உள்ளே அட்டை செருக 5 இடங்கள். சுற்றுப் படங்களையும் புத்தகமாகவே வெளியிட்டார்கள். காம்பாக் போன்ற நிறுவனங்கள் அதே போன்ற பெட்டியைச் செய்யத் தொடங்க, பிறகு தைவான்காரர்கள் மதர்போர்டை இட்லி வார்ப்பதுபோல் வார்த்துத் தள்ளினார்கள். ஐ.பி.எம்.மின் அவசரம்தான் இன்று உங்கள் பேரன் தனித்தனியாக வாங்கிச் சேர்க்கும் வசதியாக இருக்கிறது.

நம் நாட்டுக் கதை வேறு. 1978-இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டுப் போயிற்று. திருச்செந்தூர் பக்கத்து மூலைப்பொழியில் பிறந்த சிவ நாடார் 1976-இல் நண்பர்களோடு தொடங்கிய எச்.சி.எல். போன்ற நிறுவனங்கள் அந்த இடத்தை நிரப்பின. 1984-இல் ராஜீவ் காந்தி அரசு கம்ப்யூட்டர் கொள்கையைத் தளர்த்தியது. அப்படியும் விலை எங்களைப் போன்ற குமாஸ்தாக்களின் கைக்கு எட்டவில்லை. அலுவலகத்துக்கு அது வந்தபோது அதற்கு மட்டும் தனி அறை, குளிர்சாதனம், கண்ணாடிக் கதவு. எங்களுக்கு மின்விசிறிதான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகவேண்டும், சந்நிதிக்குள் போவதுபோல. அதைத் திறந்து பார்ப்பது என்ற எண்ணமே யாருக்கும் வந்ததில்லை.

சந்நிதியிலிருந்து அதை வீதிக்குக் கொண்டுவந்தது சென்னை ரிச்சி தெரு. மவுண்ட் ரோட்டை ஒட்டிய அந்தச் சந்தில் முன்பு ரேடியோ பாகங்கள் விற்றார்கள். டிரான்சிஸ்டர், கண்டன்சர், ஸ்பீக்கர் வாங்க அங்கே போன நம் ஊர் ரேடியோ மெக்கானிக்குகள் உண்டு. அதே கடைகளில் கம்ப்யூட்டர் பாகங்கள் வரத் தொடங்கின. கடைக்காரர் தாளில் வரிசையாக எழுதுவார்: மதர்போர்டு, பிராசசர், ராம், ஹார்ட் டிஸ்க், கேபினெட், மானிட்டர். கூட்டிப் பார்த்தால் கம்பெனி சிஸ்டத்தைவிட மிகவும் குறைவாக வரும். அதுதான் அசெம்பிள்டு சிஸ்டம். 1997-இல் இந்தியா தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, 2005-க்குள் இந்தப் பொருள்களின் சுங்கவரியைப் படிப்படியாக நீக்கியது. விலை இறங்கிற்று. எழும்பூரில் இரயில் ஏறி, அந்தக் காலத்துப் பெரிய மானிட்டரைக் குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு இராமநாதபுரம் வந்து இறங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, எழுத்து வேலைக்கு வாங்கிய பெட்டியை ஏன் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினார்கள்? கடிதம் அடிக்க 1985-இல் வந்த 386 பிராசசரே தாராளம். மாற்றச் சொன்னது விளையாட்டு. 1993 டிசம்பரில் டூம் என்ற விளையாட்டு வந்தது. அதற்கு 386-உம் 4 எம்.பி. ராமும் குறைந்தபட்சம், சுகமாக ஓட 486 வேண்டும். 1996-இல் குவேக் வந்தபோது பென்டியம் இல்லாமல் நகரவில்லை. அந்த விளையாட்டு தசமக் கணக்கு நிறையப் போடும். பழைய பிராசசர்கள் அதில் மந்தம். அதே ஆண்டு வூடூ என்ற அட்டை வந்தது. முப்பரிமாணப் படம் வரைவது ஒன்றே அதன் வேலை. ஏற்கெனவே இருக்கும் படஅட்டையோடு இதையும் சேர்த்து மாட்டவேண்டும். அலுவலகத்தில் பெரியவர் இருக்கும்போதே படம் வரைய மட்டும் தனி ஆள் போட்டதுபோல.

1999-இல் என்விடியா நிறுவனம் ஜீஃபோர்ஸ் 256 அட்டையைக் கொண்டுவந்து, உலகின் முதல் ஜி.பி.யூ. என்று விளம்பரம் செய்தது. இதன் சூட்சுமம் எளியது. திரையில் இலட்சக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் நிறம் கணக்கிட வேண்டும். பிராசசர் மிகக் கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளை, ஆனால் ஓரிருவர்தான். ஜி.பி.யூ. என்பது சாதாரணக் கூட்டல் பெருக்கல் தெரிந்த நூற்றுக்கணக்கான பையன்களை வரிசையாக உட்காரவைத்து ஒரே நேரத்தில் கணக்குப் போடச் சொல்வது. இந்தப் பையன்களின் கூலியை உலகெங்கும் விளையாட்டுப் பிள்ளைகள்தான் கொடுத்தார்கள்.

இங்கேதான் வரலாறு திரும்பியது. 2012-இல் கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹின்டனும் அவருடைய இரண்டு மாணவர்களும், படத்தைப் பார்த்து அதில் இருப்பது என்ன என்று சொல்லும் மென்பொருளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பயன்படுத்தியது கடையில் விற்கும் இரண்டு விளையாட்டு அட்டைகள். அந்த வெற்றியிலிருந்துதான் இன்றைய செயற்கை நுண்ணறிவுப் பெருக்கம் கிளம்பியது. ஹின்டனுக்கு 2024-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பையன்கள் விளையாடிக் கெட்டுப்போகிறார்கள் என்று நாம் திட்டிய அந்த அட்டைதான் அது.

ஆனால் வளர்ந்த பிள்ளை வீட்டுக்காரனையே வெளியே அனுப்பும் கதையும் உண்டு. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டும் பெரும் கணினிக்கூடங்கள் இப்போது ராம் சில்லுகளை வாரி வாங்குகின்றன. 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், வீட்டில் சேர்ப்பவர்களுக்காக நடத்திவந்த குரூஷியல் என்ற தன் விற்பனைப் பிரிவையே மூடப்போவதாக அறிவித்தது. பெரிய வாடிக்கையாளர் இருக்கும்போது ஒரு ராம், இரண்டு ராம் கேட்பவன் எதற்கு என்ற கணக்கு. லேப்டாப்களிலோ பலவற்றில் ராமைப் போர்டோடு ஒட்டிவிடுகிறார்கள். பழுதானால் மாற்ற வழியில்லை. திறக்கவும் மாற்றவும் முடிந்த பெட்டி என்ற வழக்கமே மெல்லச் சுருங்குகிறது. ரேடியோ, கைக்கடிகாரம் எல்லாம் இப்படித்தான் போயின. அவற்றோடு பழுதுபார்க்கும் கடைகளும் போயின. ஆகவே பேரன் தானே சேர்க்கிறேன் என்றால் முதலில் அதைத் தடுக்காதீர்கள்.

இனி தேர்வு. தாத்தா பாட்டிகள் கேட்கவேண்டிய கேள்விகள் சில.

பணம் போகவேண்டிய இடம் கிராபிக்ஸ் கார்டு. விளையாட்டில் அதுதான் சுமை தூக்குவது. நடுத்தர பிராசசருக்கு நல்ல கார்டு பொருந்தும். விலையுயர்ந்த பிராசசருக்கு மட்டமான கார்டு பொருந்தாது. திரை எத்தனை புள்ளி, எத்தனை வேகம் என்று முதலில் முடிவுசெய்து, அதற்கேற்ற கார்டை எடுக்கச் சொல்லுங்கள்.

மதர்போர்டில் சாக்கெட் என்ன என்று கேளுங்கள். அடுத்த பிராசசர் அதில் உட்காருமா? ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 சாக்கெட் இதற்கு நல்ல சாட்சி. 2017-இல் வாங்கிய போர்டுகள் பலவற்றில், பயாஸ் மென்பொருளை மட்டும் புதுப்பித்து, 2022-இல் வந்த பிராசசரை மாட்டமுடிந்தது. ராமில் டி.டி.ஆர். 3, 4, 5 என்று வரிசை உண்டு. ஒவ்வொன்றிலும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. பழைய ராம் புதிய போர்டுக்கு உதவாது என்பதைக் கணக்கில் வையுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அசெம்பிள் செய்பவர்கள் காசு குறைக்கும் முதல் இடம் அதுதான். மட்டமான எஸ்.எம்.பி.எஸ். கெட்டால் தனியே போகாது, மற்ற பாகங்களையும் கூட்டிக்கொண்டு போகும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மட்டரகக் கண்டன்சர்கள் உப்பி வெடித்து உலகமெங்கும் மதர்போர்டுகள் செத்தன. அந்த நாளில் மெக்கானிக்குகள் பெட்டியைத் திறந்ததும் கண்டன்சரின் தலையைத்தான் பார்ப்பார்கள்.

நம் கடற்கரைக்கு என்று தனிச் சட்டம் உண்டு. பாம்பன் பாலத்தைத் தின்ற அதே உப்புக்காற்றுதான் பெட்டிக்குள்ளும் போகிறது. ஃபேன் அதை இழுத்து உள்ளே விடுகிறது. முதலில் திருகுகள் துருப்பிடிக்கும். பிறகு செம்பு இருக்கும் இடங்களில் பச்சை படரும். கடலைப் பார்த்த ஜன்னலருகே பெட்டியை வைக்காதீர்கள். மாதக்கணக்கில் மூடியும் வைக்காதீர்கள். அவ்வப்போது ஓடினால் அந்தச் சூட்டில் ஈரம் காயும். பெட்டி திடீரென்று படம் காட்டாமல் கூவினால், மின்சாரத்தைத் துண்டித்து, ராமைக் கழற்றி, அதன் தங்கநிற விளிம்பைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மறுபடி மாட்டுவது நம் மெக்கானிக்குகளின் கைவைத்தியம். பாதி நோய் அதிலேயே தீரும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். யு.பி.எஸ். அவசியம், 2012-இல் நாம் பட்ட மின்வெட்டை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கவேண்டியதில்லை என்பதுதான் பாகம் பாகமாகச் சேர்ப்பதன் பெரிய லாபம். இந்த ஆண்டு போர்டு, பிராசசர், நல்ல எஸ்.எம்.பி.எஸ்., உள்ள பணத்துக்கு ஒரு கார்டு. இரண்டு ஆண்டு கழித்துக் கார்டை மட்டும் மாற்றலாம். பழையதை விற்றால் கொஞ்சம் பணமும் வரும். சாக்கெட், ராம் இரண்டுமே காலாவதியானால் அன்று பழைய பாலத்தை விட்டுப் புதிய பாலம். அப்போதும் கேபினெட்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் ஹார்ட் டிஸ்க்கும் பெரும்பாலும் கூட வரும். புயலுக்குப் பின் கடலிலிருந்து எடுத்த கர்டர்களைப்போல.

பேரன் பெட்டியைத் திறக்கும் நாளில் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். எந்தப் பாகம் எதற்கு என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால், நீங்கள் கொடுத்த பணம் விளையாட்டுக்கு மட்டும் போகவில்லை.