பன்னீர்த் திராட்சையின் பெற்றோர்

யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்றால் திராட்சை. தமிழகத்தில் முந்திரி என்றால் நாம் மரமுந்திரிகை என்று சொல்லும் கசு. பெயரிலேயே இத்தனை மயக்கம் உள்ள பழத்தைப் பற்றி எழுதும்போது அவதானம் வேண்டும். நான் அவதானமாக இருக்கவில்லை.

2023 ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்தின் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனையொட்டி நான் எழுதிய குறிப்பொன்றில், இத்திராட்சையை 1832 இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்திற்குக் கொண்டுவந்தார் என்று எழுதியிருந்தேன். வெளிவந்த செய்திகளில் அவ்வாறே இருந்தது. கத்தோலிக்கப் பூசைக்குத் திராட்சை வைன் வேண்டும் என்பதால் கதையும் பொருத்தமாகவே தெரிந்தது. பல்லாண்டு காலம் பத்திரிகையில் பிறர் எழுதிய ஆண்டுகளைச் சரிபார்த்தவன், கல்கிசையில் ஓய்வாக இருக்கும்போது இந்த ஆண்டைச் சரிபார்க்கவில்லை.

அண்மையில் இப்பழத்தின் வம்சாவழியைத் தேடிப் படித்தபோதே தவறு புலப்பட்டது.

பன்னீர்த் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹம்பேர்க். பெயரில் ஜேர்மன் நகரம் இருந்தாலும், தோட்டக்கலை நூல்கள் இதன் பிறப்பிடமாக இங்கிலாந்தையே குறிப்பிடுகின்றன. 1850 ஆம் ஆண்டளவில் சீவார்ட் ஸ்னோ என்ற தோட்டக்காரர் இரு திராட்சை இனங்களைக் கலந்து இதனை உருவாக்கினார் என்பது அவற்றின் கூற்று. 2003 இல் இத்தாலிய ஆய்வாளர் மன்னா கிரெஸ்பான் வெளியிட்ட மரபணு ஆய்வு பெற்றோர் இருவரையும் உறுதிப்படுத்தியது. ஒன்று வட இத்தாலியின் ஸ்கியாவா குரோஸா. இதனை ஜேர்மனியர் ட்ரொலிங்கர் என்பர். ஆங்கிலேயர் பிளாக் ஹம்பேர்க் என்பர். ஹம்பேர்க் என்ற பெயர் இந்த வழியில் வந்தது. இலண்டனுக்கு அண்மையிலுள்ள ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768 இல் நடப்பட்டு இன்றும் காய்க்கும் பெருங்கொடி இவ்வினத்தைச் சேர்ந்ததே. மற்றது அலெக்சாந்திரியா மஸ்கட். பன்னீர் மணம் இந்த மஸ்கட் குடும்பத்தின் சொத்து. ரோசாப்பூவில் உள்ள ஜெரானியோல் என்ற நறுமணப் பொருள் மஸ்கட் திராட்சைகளிலும் உண்டு. சீனரும் இதே பழத்தை ரோசா மணம் என்று பொருள்படும் பெயராலேயே அழைக்கின்றனர். பன்னீர் என்று பெயரிட்ட நம்மவரின் மூக்கு பிழைபோகவில்லை.

பிரான்சுக்கும் உறவு இல்லாமலில்லை. அங்கே வாந்தூ மலைப் பகுதியில் விளையும் மஸ்கட் ஹம்பேர்க் புகழ்பெற்ற மேசைத் திராட்சையாகும். ஆயினும் அது அக்கொடி வளர்ந்த வீடு, பிறந்த வீடன்று.

திராட்சையைக் கொடித்துண்டு நட்டே பெருக்குகின்றனர். ஆகவே உலகெங்கும் உள்ள ஓரினக் கொடிகள் யாவும் ஒரே தாய்க்கொடியின் நீட்சிகள். அத்தாய்க்கொடி 1850 அளவில் தோன்றியதாயின், 1832 இல் பாதிரியார் கொண்டுவந்தது இதுவாக இருக்க முடியாது. அவர் வேறொரு திராட்சையைக் கொண்டுவந்திருக்கலாம். பின்னர் வந்த பன்னீருக்கு அக்கதை ஒட்டிக்கொண்டிருக்கலாம். இரு ஆண்டுகளும் ஒருங்கே சரியாக இருக்க வழியில்லை.

இதனால் கம்பத்துக்கு எந்தக் குறைவும் நேர்ந்துவிடாது. புவிசார் குறியீடு அம்மண்ணுக்கும் காலநிலைக்கும் விவசாயிகளின் உழைப்புக்கும் உரியது. பாதிரியாரின் ஆண்டு அதற்கு ஆதாரமன்று.

எனது பழைய குறிப்பைத் திருத்திவிட்டேன். திண்டுக்கல், தேனிப் பகுதிப் பங்குகளின் பழைய ஏடுகளில் திராட்சை நட்ட செய்தியைக் கண்ட வாசகர்கள் எவராவது இருப்பின், ஆண்டுடன் எழுதியனுப்புங்கள். இம்முறை சரிபார்த்த பின்னரே வெளியிடுவேன்.