சேலத்து எஃகும் அதனை எழுதிவைத்த நூல்களும்



ஒரு தொழில் நடைபெறுவதற்கு உலையும் துருத்தியும் போதும். அஃது அழிந்த பின்னும் அறியப்பட வேண்டுமானால் நூல் வேண்டும். இவ்வுண்மைக்குச் சேலம் மாவட்டத்து எஃகுத் தொழிலின் வரலாறே தக்க சான்றாகும்.

சேலம் நகருக்கு அணித்தே நிற்பது கஞ்சமலை. அங்குள்ள சித்தர் கோயிலுக்குச் செல்வோர் அடிவாரத்து ஓடைகளில் கருமணலைக் காணலாம். காந்தத்தை அருகே கொண்டுசென்றால் அம்மணல் தாவி ஒட்டிக்கொள்ளும். ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் இதனை மாணவர்க்குப் பன்முறை செய்துகாட்டியிருக்கிறேன். நாமக்கல் பக்கத்துக் கொல்லிமலையை ஒட்டியும் இவ்வகை இரும்புத் தாது உண்டு.

இத்தாதைக் கொண்டு நம் முன்னோர் எஃகு செய்த முறை எளிது, ஆனால் நுட்பமானது. தாதுக்கல்லை இடித்துப் புடைத்து, வெண்கற்பொடியை நீக்குவர். நான்கைந்து அடி உயரமுள்ள மண் உலையில் கரியோடு இட்டு, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி, இரும்புக் கட்டியாக எடுப்பர். அதனை அடித்துத் துண்டாக்கி, ஏறத்தாழ ஒரு ராத்தல் எடையுள்ள இரும்பை மண் மூசையில் வைப்பர். உலர்ந்த ஆவாரங்குச்சிகளை உடன் இட்டு, எருக்கிலையால் மூடி, களிமண்ணால் வாயை அடைப்பர். இத்தகைய மூசைகள் இருபதுக்கு மேல் ஓர் உலையில் அடுக்கி, இரண்டரை மணி நேரம் ஊதினால் எஃகு ஆயத்தம். குச்சியிலும் இலையிலும் உள்ள கரிச்சத்து இரும்பிற் கலப்பதே இதன் மருமம். அக்காலத்து ஐரோப்பாவில் இரும்பிற் கரி ஏற்றுவதற்கே பல நாள்கள் பிடித்தன.

இவ்வளவு விவரமும் நமக்கு எங்கிருந்து கிடைத்தது? தமிழ் ஏடு எதிலிருந்தும் அன்று. கும்பினியின் உத்தியோகத்தை விட்டு, 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கிய சோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் எழுதிவைத்தார். அவர் ஆலைக்குத் தாது சேலத்திலிருந்து சென்றது. இந்திய இரும்பும் எஃகும் பற்றிய அவர் கட்டுரை 1839இல் இலண்டன் ஆசியக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. இலண்டன் சுரங்கக் கல்லூரியில் உலோகவியல் போதித்த ஜான் பெர்சி, 1864இல் இரும்பும் எஃகும் பற்றித் தாம் வெளியிட்ட பெருநூலில் ஹீத்தின் விவரத்தை எடுத்தாண்டார். அதே ஆண்டில் கிங், புரூஸ் பூட் ஆகிய இருவர் சேலம் முதலிய மாவட்டங்களின் நிலவியலை எழுதி, இம்மலைகளின் தாதுப் படுகைகளைக் குறித்தனர். 1889 முதல் 1893 வரை வெளிவந்த ஜார்ஜ் வாட்டின் பொருளகராதியில் இரும்புக்கும் இடமுண்டு; ஆவாரைக்கும் இடமுண்டு. 1892இல் ஹாலண்டு என்பார் சேலம் மாவட்ட இரும்பைப் பற்றித் தனியே அறிக்கை எழுதினார்.

நூல்கள் பெருகின, உலைகளோ அவிந்தன. மலிவான சீமை இரும்பு கப்பலில் வந்து குவிந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டத்தால் கரிக்கு விறகு கிடைப்பதும் அரிதாயிற்று. நூல்கள் இல்லாதிருந்தால், ஆவாரங்குச்சியின் கதையும் உலையோடு போயிருக்கும்.

ஆனால் அந்நூல்களிலும் ஒரு குறை உண்டு. எடையும் நேரமும் அவற்றில் இருக்கின்றன. உருக்கியவன் பெயர் இல்லை. தன் எஃகு முறையின் உரிமைக்காக ஹீத் தொடுத்த வழக்கு சட்ட நூல்களில் நிலைத்துவிட்டது. அவருக்கு உலை முறையைக் காட்டிய கொல்லர் எவர் என்பதை எவரும் குறிக்கவில்லை. நெருப்பின் நிறத்தைக் கண்டு பக்குவம் அறிந்த கண்ணையும், அதற்கு அவர்கள் வழங்கிய சொற்களையும் அயலார் எழுத இயலுமா? தொழில் செய்தவருக்கு எழுத்தறிவு வாய்க்கவில்லை. எழுத்தறிந்தோரோ உலைக்களத்தை எட்டிப் பார்க்கவில்லை. இழப்பின் வேர் இதுவே.

இக்குறையைத் தீர்க்கும் முயற்சி சேலத்திலேயே தோன்றியது என்பது நமக்குப் பெருமை. 1916இல் இராஜாஜி முதலியோர் இந்நகரில் அறிவியற் சொற்களுக்கெனச் சங்கம் கண்டு, இதழும் நடத்தினர். தமிழில் சொல் இருந்தாலன்றோ தமிழில் நூல் எழும்? பின்னர்ப் பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக விளங்க, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. அறிவியலும் தொழில்நுட்பமும் தமிழிற் புகும் வாயில் திறந்தது.

வாயில் திறந்தால் போதாது. உள்ளே செல்வதற்கு ஆள் வேண்டும். இன்று சேலம் உருக்காலையில் துருப்பிடிக்காத எஃகு தகடாகிறது. அதற்குரிய கையேடுகளுக்குக் குறைவில்லை. ஆனால் நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் தொழிலாளியின் கையிலும், திருச்செங்கோட்டில் ஆழ்துளை எந்திரத்தைச் செப்பனிடுபவரின் கையிலும் உள்ள அறிவில் எவ்வளவு ஏட்டில் ஏறியிருக்கிறது? எந்த இரும்பு எவ்வளவு வளையும், எந்தப் பற்றவைப்பு எங்கே விரியும் என்பதை அவர்கள் தம் சொற்களால் சொல்கிறார்கள். அச்சொற்களை வேறொரு ஹீத் வந்து குறிக்கும்வரை நாம் காத்திருக்கலாகாது.

ஊர்தோறும் பள்ளிகள் இருக்கின்றன. எழுதத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். விடுமுறையில் ஒரு பட்டறைக்குச் சென்று, ஒரு தொழிலின் கருவிகளையும் படிகளையும், தொழிலாளியின் பெயரோடு எழுதிவரச் சொல்லுங்கள். இன்றைய சிறு குறிப்பேடே நாளைய பெருநூலுக்கு அடிக்கல்.