பாதுஷா கண்ட வான்கோழி

மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் என்றதும் நம் நினைவுக்கு வருவன நீதிச் சங்கிலியும், பேரரசி நூர்ஜஹானும், மதுக் கிண்ணமுமே. பாடநூல்களும் திரைப்படங்களும் நமக்குத் தந்த சித்திரம் இது. 1605 முதல் 1627 வரை அரசோச்சிய அம்மன்னர், ஒரு புதிய பறவையின் அங்க அடையாளங்களை நுணுகி நோக்கி எழுதிவைத்த செய்தியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1612-ஆம் ஆண்டில் அரசவைப் பிரமுகர் முகர்ரப் கான் கோவாத் துறைமுகத்திலிருந்து திரும்பினார். போர்த்துக்கீசியரிடம் அரும்பொருள்கள் எவை கிடைப்பினும் விலை பாராது வாங்கி வருமாறு அவருக்கு ஆணையிடப்பட்டிருந்தது. பேரரசர் அதுவரை கண்டிராத உயிரினங்கள் சிலவற்றையும் அவர் கொண்டுவந்தார். அவற்றுள் ஒன்று வான்கோழி.

வான்கோழியின் தாயகம் அமெரிக்கக் கண்டத்துக் காடுகள். மெக்சிகோவின் தொல்குடிகள் பழக்கி வளர்த்த அப்பறவையைப் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். அதன் பூர்வீகம் அறியாத மக்கள் தத்தமக்குத் தோன்றிய நாட்டின் பெயரை அதற்குச் சூட்டினர். ஆங்கிலேயர் அதனைத் துருக்கிக்கு உரியதாக்கினர். துருக்கியரோ 'ஹிந்தி' என்று அழைத்து நம் நாட்டுக்கு உரியதாக்கினர். அரபு மக்கள் 'ரோமானியச் சேவல்' என்றனர்.

ஜஹாங்கீருக்கு இதில் வழிகாட்ட முன்னோர் நூல் எதுவும் இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்ராவின் பேரறிஞர் ஜாஹிழ் 'கிதாபுல் ஹயவான்' எழுதினார். எகிப்தின் தமீரி 'ஹயாத்துல் ஹயவான்' எழுதி 1405-இல் மறைந்தார். கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்ததோ 1492-இல். ஆகவே அம்மாபெரும் நூல்களில் வான்கோழி இடம்பெற வழியில்லை. பேரரசருக்கு அவர் கண்களே துணை.

அவர் கண்டது என்ன? பெண்மயிலினும் பெரிது, ஆண்மயிலினும் சிறிது என்று உருவத்தை அளந்தார். அலகும் காலும் சேவலை ஒத்தவை என்றார். தலையும் கழுத்தும் பவளம்போற் சிவந்து, பின் பஞ்சென வெளுத்து, சில வேளை பெரோஸாக் கல்லின் நீலமாகி, பச்சோந்திபோல் நிறம் மாறுவதைக் குறித்தார். தலைமேலுள்ள தசை, பறவை கிளர்ச்சியுறும்போது யானைத் துதிக்கைபோல் ஒரு சாண் நீளம் தொங்குவதையும், மீண்டும் சுருங்கிக் காண்டாமிருகக் கொம்புபோல் இரு விரல் அளவில் நிற்பதையும் எழுதினார். இவ்வளவுக்கும் இடையே, கண்ணைச் சுற்றியுள்ள நீலம் மட்டும் மாறுவதே இல்லை என்றும் பதித்தார்.

இறுதியில் சொன்ன குறிப்பே நம்மை வியக்கவைக்கிறது. அவசரக்காரர் ஒருவர் காலையில் சிவந்த தலையையும் மாலையில் வெளுத்த தலையையும் கண்டால், இருவகைப் பறவைகள் என்று எழுதிவிடுவார். மாறுவது எது, மாறாதது எது எனப் பிரித்தறியப் பொறுமை வேண்டும். இன்றும் அமெரிக்கக் காடுகளில் வான்கோழிகளை நோக்குவோருக்கு இப்பொறுமையே மூலதனம். சேவலுக்கு உரிய மார்புத் தாடி சில பெட்டைகளிடமும் காணப்படுகிறது. ஒரே சேவலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தாடிகள் அமைவதுண்டு. கருநிறம் குன்றி, வெண்மையும் சாம்பலும் கலந்த இறகுடன் சில பிறக்கின்றன. இவை உண்மையான புதுமைகள். தலையின் நிறமாற்றமோ எல்லா வான்கோழிக்கும் பொது. வழக்கமானதை அறிந்தவரே வழக்கத்துக்கு மாறானதை இனங்காண முடியும்.

அந்நிறமாற்றத்தின் காரணத்தையும் அறிவியல் விளக்கியுள்ளது. தோலிலுள்ள கொலாஜன் நார்க்கற்றைகளின் ஊடே இரத்த நாளங்கள் செல்கின்றன. நாளங்கள் விரிந்து சுருங்கும்போது நார்களின் இடைவெளி மாறுகிறது; ஒளி சிதறும் விதமும் மாறுகிறது. இத்தத்துவத்தைக் கொண்டு கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆவிகளை நிறத்தால் காட்டும் கருவி ஒன்றை 2014-இல் அறிவித்தனர்.

பூட்டனார் பாபர் உயிரினங்களை எழுத்தில் வருணித்தாரேயன்றி ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்யவில்லை என்பது ஜஹாங்கீரின் குறை. அதை நீக்கத் தம் ஓவியர்களைப் பணித்தார். 'நாதிருல் அஸ்ர்' எனப் பட்டம் பெற்ற மன்சூரின் கைவண்ணமாகக் கருதப்படும் வான்கோழி ஓவியம் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஓவியம் ஒரு கணத்தின் நிறத்தைக் காட்டும். மற்ற கணங்களின் நிறத்தை எழுத்துத்தான் காட்டுகிறது.

ஜஹாங்கீரின் மதுப்பழக்கத்தை நாம் மறைக்க வேண்டியதில்லை. தம் சரிதத்தில் அவரே அதை மறைக்கவில்லை. ஆனால் ஒரு பறவையை ஒரே நிறத்தில் கண்டு முடிவு கட்டாத மன்னரை, நாம் மட்டும் ஒரே நிறத்தில் கண்டு முடிவு கட்டுவது முறையாகுமா?