மாற்றுத்திறனாளிகளும் நம் மஹல்லாவும்: எல்லோருக்கும் எட்டும் பள்ளிவாசல்

"எங்கள் மஹல்லாவில் அப்படி யாரும் இல்லையே!"

பள்ளிவாசலில் சாய்தளம் கட்டுவது பற்றிப் பேச்செடுத்தால் பல ஜமாஅத்களில் முதலில் வரும் பதில் இதுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று அதிகம். 500 குடும்பங்கள் உள்ள ஒரு மஹல்லாவில் வீட்டுக்கு ஐந்து பேர் என்று வைத்தால் மொத்தம் 2,500 பேர். இந்த விகிதப்படி அவர்களில் சுமார் 55 பேர் மாற்றுத்திறனாளிகளாக இருப்பார்கள். முழங்கால் வலியால் படியேற முடியாத முதியவர்கள் இந்தக் கணக்கில் வரவில்லை. கடந்த ஜும்ஆவில் இவர்களில் எத்தனை பேரை ஸஃப்பில் பார்த்தோம்? அவர்கள் நம் மஹல்லாவில்தான் இருக்கிறார்கள். வர வழியில்லாததால் வருவதில்லை.

மதீனாவில் நடந்தது என்ன?

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பார்வையற்ற நபித்தோழர். குறைஷித் தலைவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது இவர் கற்றுக்கொள்ள வந்ததும், அதையொட்டி 80வது அத்தியாயமான 'அபஸ' அருளப்பட்டதும் நாம் அடிக்கடி பயானில் கேட்பவை. அதன்பின் நடந்ததை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

பிலால் (ரலி) அவர்களோடு இவரும் மஸ்ஜிதுந் நபவியின் முஅத்தினாக இருந்தார். ரமளானில் பிலால் (ரலி) இரவிலேயே பாங்கு சொல்வார். இப்னு உம்மி மக்தூம் (ரலி) பாங்கு சொல்லும் வரை ஸஹர் உணவு உண்ணலாம் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருந்தார்கள். வைகறையைக் கண்ணால் பார்க்க முடியாத ஒருவருக்கு வைகறையை அறிவிக்கும் பொறுப்பு! "விடிந்துவிட்டது" என்று மற்றவர்கள் அவரிடம் சொல்வார்கள். அதன் பின்னரே அவர் பாங்கு சொல்வார் என்று ஸஹீஹ் புகாரியில் வருகிறது. நபி (ஸல்) அவர்கள் பயணம் சென்ற சில சமயங்களில் மதீனாவில் தொழுகை நடத்தும் பொறுப்பும் இவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

பார்வை இல்லை என்று அவரை ஓரமாக உட்காரவைக்கவில்லை. பொறுப்பும் கொடுத்து, அதைச் செய்யத் தேவையான உதவியையும் சமூகம் செய்தது. நாமோ பெருநாளன்று ஸதகா கொடுத்துவிட்டு நம் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். ஜமாஅத் நிர்வாகத்திலோ மதரஸா ஆசிரியர்களிலோ ஒரு மாற்றுத்திறனாளியை நாம் தேடியதுண்டா?

இன்னொரு நபித்தோழர் இத்பான் இப்னு மாலிக் (ரலி). அவருக்குப் பார்வை மங்கியது. மழை பெய்தால் ஓடையில் வெள்ளம் வந்துவிடும்; பள்ளிக்குப் போக முடியாது. தம் வீட்டுக்கு வந்து தொழவேண்டும் என்று அவர் கேட்டபோது, நபி (ஸல்) அவர்களே அவர் வீட்டுக்குச் சென்று தொழுதார்கள். வர முடிந்தவருக்கு வழி செய்து கொடுப்பதும், வர முடியாதவரைத் தேடிப் போவதும் சுன்னத்தில் உள்ளவை.

சட்டம் என்ன சொல்கிறது?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பார்வை, செவி, கை கால் மட்டுமின்றி ஆட்டிசம், மனநோய், பார்க்கின்சன், தலசீமியா போன்றவையும் அதில் அடங்கும். 'பொதுக் கட்டடம்' என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில், மதச் செயல்பாடுகளுக்காக மக்கள் பயன்படுத்தும் கட்டடங்களும் உண்டு.

கட்டடத்தில் கவனிக்க வேண்டியவை

*சாய்தளம்:* ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது பொதுவான அளவு. ஆறங்குலப் படிகள் மூன்று இருந்தால் உயரம் ஒன்றரை அடி; சாய்தளம் 18 அடி நீளம் வேண்டும். இடமில்லை என்று ஐந்தடியில் செங்குத்தாகக் கட்டினால் சக்கர நாற்காலி பின்னால் உருண்டுவிடும். நேராகக் கட்ட இடமில்லாவிட்டால் நடுவில் சமதளம் விட்டுத் திருப்பிக் கட்டலாம். இருபுறமும் கைப்பிடி வேண்டும். வழவழப்பான டைல்ஸ் கூடாது.

*வாசல்:* மூன்றடி அகலம் இருக்கட்டும். சாய்தளத்தின் கீழே பைக்குகளையும் செருப்புகளையும் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டியும் பயன்படாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

*உளூ செய்யுமிடம்:* ஹவ்ளின் ஓரத்தில் குந்தி உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி உயரத்தில் ஓர் இருக்கை, கைக்கு எட்டும் குழாய், பிடித்து எழ ஒரு கம்பி.

*கழிப்பறை:* ஒன்றாவது மேற்கத்திய முறையில், கைப்பிடியோடு, கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருக்கட்டும்.

*சக்கர நாற்காலி:* வெளியிலிருந்து வரும் சக்கரத்தில் அசுத்தம் இருக்குமே என்ற தயக்கம் நியாயமானது. பள்ளிக்குள் மட்டும் பயன்படுத்த ஒரு நாற்காலியை வாங்கி வாசலில் வைத்தால் தீர்ந்தது. அதில் மாற முடியாதவர்களுக்குச் சக்கரத்தைத் துடைக்க ஈரத்துணி போதும்.

பெண்கள் தொழும் இடத்துக்கும் இவை அனைத்தும் பொருந்தும். பல பள்ளிகளில் அது மாடியில் இருக்கிறது. மூட்டுவலியுள்ள ஒரு தாய் தராவீஹுக்கு எப்படி ஏறுவார்?

செலவில்லாமல் செய்யக்கூடியவை

பார்வையற்றவரைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். விட்டுப் போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள்.

ஜமாஅத் அறிவிப்புகளை வாட்ஸ்அப்பில் படமாக மட்டும் அனுப்பாமல் எழுத்தாகவும் அனுப்புங்கள். பார்வையற்றவரின் செல்போன் எழுத்தை வாசித்துக் காட்டும். படத்தில் உள்ளதைச் சரியாக வாசிக்கும் என்று சொல்ல முடியாது.

செவித்திறன் குறைந்தவர்களுக்கு ஜும்ஆ பயானின் சுருக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கலாம். பயான் செய்பவரின் உதடு தெரியும்படி மைக்கைச் சற்றுத் தாழ்த்தலாம். சைகை மொழி தெரிந்த ஓர் இளைஞர் மஹல்லாவில் இருந்தால் அவரை அருகில் நிறுத்தலாம்.

நாற்காலியில் தொழுபவர்களை எங்கோ பின்னால் தள்ளிவிடாமல் ஸஃப்பின் ஓரங்களில் இடம் ஒதுக்குங்கள். நாற்காலித் தொழுகையின் சட்டங்களை இமாமிடம் கேட்டு ஒருமுறை பயானில் விளக்கச் சொல்லுங்கள். பலவீனரும் நோயாளியும் முதியவரும் பின்னால் நிற்பதால் தொழுகையைச் சுருக்குமாறு இமாம்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதையும் நினைவில் கொள்வோம்.

அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளை பள்ளியில் சத்தமிட்டால் பெற்றோரை முறைத்துப் பார்க்காதீர்கள். ஒருமுறை முகம் சுளித்தால் அந்தக் குடும்பமே வருவதை நிறுத்திவிடும். மக்தபில் அந்தப் பிள்ளைக்கும் ஓர் இடம் வேண்டும். கலிமாவும் இரண்டு சிறிய சூராக்களும் கற்றுக்கொண்டாலும் அது அந்தத் தாய்க்குப் பெரிய நிஃமத்.

எங்கிருந்து தொடங்குவது?

முதலில் ஒரு கணக்கெடுப்பு. சந்தா வசூலிக்க வீடுவீடாகப் போகும்போதே, பள்ளிக்கு வர முடியாதவர் யார், எதனால் என்று கேட்டு எழுதலாம். அடுத்து, கட்டுவதற்கு முன் அவர்களையே அழைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். எந்தப் படி தடுக்கிறது என்பது பொறியாளரைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும். தனித்துவ அடையாள அட்டை எடுக்காதவர்களுக்கு விண்ணப்பிக்க உதவலாம். அரசு உதவிகள் பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். இந்தப் பணிகளைப் பார்க்கும் குழுவில் ஒரு மாற்றுத்திறனாளியாவது உறுப்பினராக இருக்கட்டும்.

ஏசியும் கம்பளமும் மினாராவும் நம் பள்ளிகளுக்கு அழகு சேர்க்கின்றன. பாங்கு சத்தம் கேட்டும் வர முடியாமல் வீட்டில் அமர்ந்திருக்கும் ஒரு சகோதரருக்கு வாசலைத் திறந்து கொடுப்பது அதைவிட அவசியமானது.

அதற்குரிய எண்ணத்தையும் ஆற்றலையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.