கணக்கு யார் கையில் இருந்தது?



மலையகத்தின் பழைய கதையைச் சொல்லும்போது துரை, கங்காணி, லயம் எல்லாம் வரும். கணக்குக் கொப்பி பெரும்பாலும் வராது. நம் மக்களைக் கட்டிப்போட்டதில் அந்தக் கொப்பிக்குப் பெரிய பங்கு உண்டு. அதைத்தான் இன்று கொஞ்சம் எழுதுகிறேன்.

தோட்டத்துக்கு ஆள் சேர்க்கத் துரை பெரிய கங்காணிக்கு முற்பணம் கொடுப்பார். தமிழ்நாட்டிலிருந்து வந்த பயணச் செலவு, வழியில் தின்ற சோறு, வாங்கிய துணி எல்லாம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். மலையில் கால் வைக்கும்போதே அவர் கடனாளி.

இதன் மேல் வந்ததுதான் 'துண்டு'. இன்ன தொகையைக் கட்டினால் இந்தக் கங்காணியையும் அவருடைய ஆட்களையும் விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கங்காணி அதைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோவார். பணம் கட்டும் தோட்டத்துக்கு ஆட்கள் மாறுவார்கள். ஆள் தட்டுப்பாடான காலத்தில் கங்காணி கூடுதலாகவும் கேட்டு வாங்குவார். ஒவ்வொரு மாற்றத்திலும் கடன் பெருத்தது. தன் பெயரில் எவ்வளவு நிற்கிறது என்பதே அதைச் சுமந்தவருக்குத் தெரியாது. மலையில் வேலை பார்த்தவருக்கே 'கணக்கப்பிள்ளை' என்று பெயர். பேர் போடுவதும் அரைப்பேர் போடுவதும் அவர் பென்சிலில் இருந்தது.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றவர்கள் தொழிலாளர் நிலைமைக்காகக் குரல் கொடுத்தார்கள். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது.

அந்தக் காலத்தில்தான் கோ. நடேசய்யர் இலங்கைக்கு வந்தார். தேசபக்தன் பத்திரிகையும், 1931இல் ஹட்டனில் தொடங்கிய தொழிற்சங்கமும் பலருக்குத் தெரியும். அதற்கு முன் தஞ்சாவூரில் அவர் வர்த்தகப் பாடம் கற்பித்தவர், 'வர்த்தக மித்திரன்' என்ற பத்திரிகையை நடத்தியவர். வெளியாட்கள் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரி வேடத்தில் போய் நிலைமையைப் பார்த்தார். மலையகத்தின் முதல் பெரிய தொழிற்சங்கவாதி வரவு செலவு தெரிந்த மனிதர் என்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? கடனை எழுதி வைப்பது பற்றியது (அல்பகரா, 282). சிறியதோ பெரியதோ, சலிக்காமல் எழுதச் சொல்கிறது, சாட்சி வைக்கச் சொல்கிறது. இன்னொன்றையும் சொல்கிறது: எழுதுபவருக்கு வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் வாங்கியவர். தோட்டத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. கொடுத்தவர் சொன்னார், கொடுத்தவரே எழுதினார், வாங்கியவர் கைநாட்டு வைத்தார்.

இன்று? பத்தாம் திகதி சம்பளச் சீட்டில் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிகிறது. முற்பணமும் சங்கச் சந்தாவும் கழிகின்றன. பிறகு கிழமைக் கடன், நகை அடகு, கடைக் கொப்பி. எல்லாக் கணக்கையும் மற்றவர்தான் எழுதுகிறார். கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கும் இது பொருந்தும். நேர்மையான வியாபாரி என்றாலும், கொப்பி ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அந்த வசனம் நிறைவேறவில்லை.

இதற்கு ஓர் எளிய வழி கணினியில் இருக்கிறது. 2003இல் ஜோன் வீக்லி என்ற அமெரிக்கர் 'லெட்ஜர்' என்ற மென்பொருளை எழுதினார். அதைப் பார்த்து சைமன் மைக்கேல் 2007இல் 'எச்-லெட்ஜர்' தொடங்கினார். இரண்டும் இலவசம், இணைய இணைப்பு வேண்டாம்.  பெரும்பாலும் கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டும். ஆனால் கணக்கு இருப்பது சாதாரண எழுத்துக் கோப்பில். தமிழிலேயே எழுதலாம்:

2025-03-12 கடை
    செலவு:அரிசி  1150
    செலவு:மாவு  400
    செலவு:சீனி  250
    கடன்:கடை  -1800

கழித்தல் குறி போட்டது நாம் கொடுக்க வேண்டியது. கூட்டினால் பூச்சியம் வர வேண்டும், வராவிட்டால் மென்பொருள் ஏற்காது. 1494இல் வெனிஸில் லூக்கா பச்சியோலி அச்சிட்ட இரட்டைப் பதிவு முறைதான் இது. 'பேலன்ஸ்' கட்டளை கொடுத்தால் எந்தக் கடையில் எவ்வளவு நிற்கிறது, கிழமைக் கடனில் மிச்சம் எவ்வளவு என்று ஒரு நொடியில் காட்டும். அந்த நிரல் நாளை இல்லாமல் போனாலும் கோப்பை எந்தக் கணினியிலும் போனிலும் திறந்து வாசிக்கலாம்.

கணினி இல்லாத வீட்டில் 80 பக்கக் கொப்பி போதும். ஓ.எல். படிக்கும் பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையே எழுதட்டும். பத்தாம் திகதி வரும் சம்பளச் சீட்டை வீசிவிடாதீர்கள். கழிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுங்கள். கடைக் கொப்பியோடு ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் மரியாதையாகக் கேளுங்கள். கடைக்காரச் சகோதரர்களே, அவர்கள் கேட்டால் கொப்பியைத் திருப்பிக் காட்டுங்கள்.

வஸ்ஸலாம்.