ஜம்ருத்பூர்: இரண்டாம் நாள்

நடுவட்டத்தில் ஜூலை மழை பிடித்துக்கொண்டால் கரண்ட் போகும், நெட் போகும், கூடலூர் ரோட்டில் எங்காவது மண் சரிந்து கிடக்கும். போன வாரமும் அப்படித்தான். மண்ணை அள்ள வந்த ஜேசிபி டிரைவர் வண்டியை விட்டு இறங்கி, மேலே சரிவையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் ஒரே ஹாரன் சத்தம். "கீழ கை வச்சா மேல இருக்கறதும் வந்துடும் சார்" என்றார்.

எனக்கு டெல்லி மெட்ரோ ஞாபகம் வந்தது.

2009 ஜூலை 12, ஞாயிறு அதிகாலை. மத்திய செயலகம்–பதர்பூர் தடத்துக்காக ஜம்ருத்பூரில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 67-ஆம் தூணின் தலைப்பகுதி உடைந்தது. பாலத் துண்டுகளைத் தூக்கிக் கோர்க்கும் ராட்சத இரும்புச் சட்டமான லாஞ்சிங் கர்டர், துண்டுகளோடு கீழே வந்தது. 6 பேர் இறந்தார்கள், 15 பேருக்குக் காயம். அந்தத் தூணில் விரிசல் விட்டது முன்பே தெரிந்த விஷயம். சரிசெய்துவிட்டுத்தான் வேலையைத் தொடர்ந்திருக்கிறார்கள். மெட்ரோவின் தலைவர் இ. ஸ்ரீதரன் அன்றே ராஜினாமா செய்தார். முதல்வர் ஷீலா தீட்சித் ஏற்கவில்லை.

மறுநாள்தான் என்னை உறுத்துவது. இடிபாட்டை அகற்ற வந்த கிரேன்களில் ஒன்று டிவி கேமராக்கள் முன்னாலேயே சரிந்து, பக்கத்தில் நின்றவற்றையும் சாய்த்தது. இன்னும் 6 பேருக்குக் காயம். கிரேனின் கை எவ்வளவு தூரம் நீள்கிறதோ அவ்வளவுக்கு அதன் தூக்கும் திறன் குறையும். பல கிரேன்கள் சேர்ந்து தூக்கும்போது ஒன்று நழுவினால் அதன் பாரம் நொடியில் மற்றவற்றின் தலையில் ஏறும். உடைந்த இரும்போ எங்கே சிக்கியிருக்கிறது, எவ்வளவு எடை என்று எந்த வரைபடத்திலும் இருக்காது. (சர்வர் விழுந்த பதற்றத்தில் நான் போட்ட ஹாட்ஃபிக்ஸ் ஒன்று, நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்னொரு சர்வரையும் படுக்க வைத்தது. அங்கே யாருக்கும் அடிபடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.)

இதே ஸ்ரீதரன்தான் 1964 டிசம்பர் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் நிமிர்த்தியவர். ரயில்வே கொடுத்த கெடு 6 மாதம். அந்தக் கதையை நாம் வேகத்துக்கு உதாரணமாகவே சொல்கிறோம். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. பாம்பனில் கர்டர்கள் கடலடியில் கிடந்தன. விழ வேண்டியது விழுந்து முடிந்திருந்தது. எடுத்து மாட்டுவதுதான் பாக்கி, அதில் வேகம் காட்டலாம். ஜம்ருத்பூரில் பாதி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே விபத்து முடியவே இல்லை, நடுவில் நின்றிருந்தது.

அந்தத் தடத்தின் பெரும்பகுதி 2010 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்டது. டெல்லியில் காமன்வெல்த் போட்டிகள் தொடங்கியதும் அதே நாள். தூண் உடைந்தபோது அதற்கு 15 மாதம்கூட இல்லை.